மலாவத்திக் குன்றில் ஒரு ஞாயிறு

பாசிர் பெனம்பாங் என்னும் பெயரைக் கண்டதும் அது ஏதோ பெரிய பட்டணம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில், வடகரையில் இருக்கும் செம்படவர் ஊர் அது. மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல். பெனம்பாங் என்றால் கூலி பெற்று ஆளை அக்கரை சேர்க்கும் ஓடம். ஊரின் பழைய தொழில் யாதென்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று அந்த ஓடத்துக்கு வேலையில்லை. ஆற்றின் மேல் பாலம் வந்துவிட்டது. தூண்களின்மேல் நீருக்குள் நீண்டு நிற்கும் பலகை வீடுகளும், வெயிலில் காயும் கருவாடும், ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக அமைந்த மீன் சாப்பாட்டுக் கடைகளுமே இப்போது அவ்வூரின் அடையாளம்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்துவிடுகிறார்கள். நண்டும் இறாலும் உண்பது, தென்கரையில் குவாலா சிலாங்கூர் ஊரை ஒட்டிய மலாவத்திக் குன்றில் ஏறிப் பழைய கோட்டையைப் பார்ப்பது, அங்குள்ள மந்திகளுக்குப் பயற்றங்காய் கொடுப்பது, பொழுது சாய்ந்தபின் கம்போங் குவாந்தான் சென்று படகிலிருந்து மின்மினி பார்ப்பது, இரவோடிரவாக வீடு திரும்புவது. இந்த வட்டாரத்தில் உல்லாசப் பிரயாணம் என்பதற்கு இதுவே முறை. நாமும் சென்ற ஞாயிறு அம்முறைப்படியே போனோம். ஆனால் நம்முடன் ஒரு பெரியவர் வந்தார். எண்பது கடந்தவர், இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே கிழவரானவர். குன்றின் அடியில் நின்றுகொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை நம்மைத் திடுக்கிட வைத்தது.

“தம்பி, நான் பொறந்தது இங்கேயிருந்து கூப்பிடு தூரம். இந்த மேட்டுல கால் வச்சது எனக்கு முப்பது வயசு ஆனப்புறம்தான்.”

குன்று பெரிதன்று. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் பீரங்கிகள் கடலை நோக்கி வாய் திறந்து நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் 1907-ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கம். அதன் பெயர் அல்டிங்ஸ்பர்க். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கவர்னர் ஜெனரலாக இருந்த அல்டிங் என்பவரின் பெயர். ஒல்லாந்தர் இக்குன்றில் இருந்தது ஓராண்டுகூட இல்லை. பெயர் மட்டும் இருநூறு வருஷங்களுக்கு மேல் நிலைத்துவிட்டது!

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். பூகிஸ் இனத்து ராஜா லூமு என்பவர் 1766-இல் பேராக் சுல்தானால் முடிசூட்டப்பெற்று, சலாஹுதீன் என்னும் பட்டத்தோடு சிலாங்கூரின் முதல் சுல்தானானார். அவருடைய தலைநகரம் இதுதான். அவர் மகன் இப்ராஹிம், ரியாவ் நாட்டு ராஜா ஹாஜியோடு சேர்ந்து 1784-இல் ஒல்லாந்தரின் மலாக்காவைத் தாக்கினார். ராஜா ஹாஜி போரில் மாண்டார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதமே ஒல்லாந்தர் கப்பல்கள் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்தன. குன்று அவர்கள் வசமாயிற்று. இப்ராஹிம் பகாங் நாட்டுக்கு ஓடினார். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் பகாங் ஆட்களுடன் காடு கடந்து வந்து, ஓர் இரவில் கோட்டையைத் திரும்பப் பிடித்தார். ஒல்லாந்தர் கடல்வழியை அடைத்து நெருக்கியதால் 1786-இல் உடன்படிக்கைக்கு இசைந்தார். 1871-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ‘ரினால்டோ’ கடற்கொள்ளையைக் காரணங்காட்டி இந்த ஊரின்மேல் குண்டு பொழிந்தது. முதல் மூன்று சுல்தான்களும் குன்றின்மேலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். துரோகிகளின் தலை வெட்டிய கல் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். நஞ்சு கலந்த நீரில் குற்றவாளிகளை இறக்கியதாகச் சொல்லும் கிணறு ஒன்றையும் காட்டுகிறார்கள். குழந்தைகள் இவ்விரண்டு இடத்திலும் நெடுநேரம் நிற்கிறார்கள். கொலைக் கருவிக்கு இருக்கும் கவர்ச்சி வேறெதற்கும் இல்லை போலும்.

மந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பல் வெள்ளி நிறத்தில் பட்டுப் போன்ற மயிரும் நீண்ட வாலும் உடைய சாதுவான பிராணிகள். குட்டிகள் மட்டும் பொன்னிறமாய்ப் பிறக்கின்றன. வளர வளரத் தாயின் நிறம் வந்துவிடுகிறது. கையிலிருந்து பயற்றங்காயை வாங்கும்போது பிடுங்குவதில்லை. விரலைப் பிடித்து மெதுவாக எடுக்கின்றன. மனிதரிடம் கற்றிருந்தால் இப்படி எடுத்திரா.

நிற்க. கோட்டையைச் சுற்றி வந்தபோது நமக்கு வேறொரு கோட்டை நினைவுக்கு வந்தது. சில காலத்துக்கு முன் கொரிய தேசத்தில் சுவோன் என்னும் நகரத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தலைநகராகிய சியோலுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ள நகரம் அது. நகரத்தைச் சுற்றி ஹ்வாசோங் என்னும் கோட்டை மதில் 5.7 கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. ஜொங்ஜோ என்னும் மன்னன் 1794-இல் தொடங்கி 1796-இல் முடித்தது. அதாவது, நமது மலாவத்திக் குன்றில் ஒல்லாந்தரும் இப்ராஹிமும் போரிட்டு ஏறக்குறைய பத்தாண்டில் எழுந்தது. மலாவத்திக்கு வருவது போலவே அங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் திரள்கிறார்கள். மதில்மேல் நடக்கிறார்கள், வில்வித்தை பழகும் திடலில் அம்பெய்து பார்க்கிறார்கள், காற்றடிக்கும் நாளில் பட்டம் விடுகிறார்கள், ஏழு வளைவுகளின் வழியே ஓடை பாயும் நீர்வாயிலருகே அமர்ந்து தின்பண்டம் தின்கிறார்கள், தெற்கு வாயிலுக்கு அடுத்த சந்தையில் சாமான் வாங்குகிறார்கள்.

நம்மை அங்கு நிறுத்தியது மதில் அன்று, ஒரு புத்தகம். கோட்டை முடிந்தபின், அதைக் கட்டிய வரலாறு முழுவதையும் தொகுத்து 1801-இல் உலோக எழுத்தால் அச்சிட்டார்கள். எத்தனை கல், எத்தனை ஆணி, எந்தக் காட்டு மரம், என்ன விலை என்பதெல்லாம் அதில் உண்டு. ஜொங் யாக்-யோங் என்னும் அறிஞர் அமைத்த, கப்பிகளால் பாரம் தூக்கும் யந்திரத்தின் படமும் உண்டு. இவற்றினும் மேலாக, கல் தச்சர், மரத் தச்சர், கொல்லர், பூச்சு வேலையாட்கள் முதலான ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரின் பெயர்களும், அவரவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அரை நாள் வேலைகூட விடப்படவில்லை. பெரியவன், சின்னவன் என்று பொருள்படும் பாமரப் பெயர்களும் அப்பட்டியலில் காணப்படுகின்றன. நம்மூர்ப் பெரியானும் சின்னானும் ஓர் அரசாங்கப் புத்தகத்தில், மந்திரிகளின் பெயர் இருக்கும் அதே புத்தகத்தில், அச்சேறியிருந்தால் எப்படியோ, அப்படி!

அக்காலத்தில் கொரியாவிலும் குடிகளை ஊதியமின்றி வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. சுவோன் கோட்டைக்கு அவ்வழக்கத்தை விட்டுக் கூலி கொடுத்தே ஆள் சேர்த்தார்கள். மன்னர்களைப் புகழ்வது நமது பழக்கமன்று. ஜொங்ஜோ தன் தந்தையின் கல்லறைக்கு அருகே தன் அதிகாரத்துக்கு ஓர் ஆதாரம் தேடியே அம்மதிலை எழுப்பினான் என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் செய்தது செய்ததுதான். அதன் பயன் பிற்காலத்தில் விளங்கிற்று. 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அங்குள்ள அரண்மனை பெரும்பாலும் அழிந்தது. 1950-இல் மூண்ட கொரியப் போரில் வாயில்கள் இடிந்தன. 1975 முதல் 1979 வரை மதிலைப் புதுப்பித்தபோது, கொரியர் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் எழுதியபடியே கட்டினார்கள். 1997-இல் அக்கோட்டை உலக மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கல் சிதைந்தது, காகிதம் காத்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னோம். கலங்கரை விளக்கத்தின் நிழலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “இதுல என்ன தம்பி அதிசயம்? எங்க தோட்டத்துலயும் அப்படிப் புத்தகம் இருந்துச்சே, செக்ரோலு” என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. பின்பு சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் சொன்னது மெய்தான். தோட்டம் அறியாத வாசகர்களுக்காக விளக்குவோம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவர் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் புள்ளி விழும். பாதியில் மழை வந்து வேலை நின்றால் அரை நாள். மாத முடிவில் அப்புள்ளிகளைக் கூட்டியே சம்பளம். அதுதான் செக்ரோல் புத்தகம். பெயர், நாள், அரை நாள், கூலி. கொரிய மன்னன் புத்தகத்தில் இருந்தது எதுவோ அதுவே மலாயாவின் ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் மாதந்தோறும் எழுதப்பட்டது. அவர்கள் அதை அச்சிட்டு நாட்டின் செல்வமாக வைத்தார்கள். நம்முடையது கணக்கு முடிந்ததும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிற்று.

அப்புத்தகங்களில் அடங்கிய சரித்திரம் சிறிதன்று. கோலாலம்பூரிலிருந்து நாம் வந்த சாலையின் இருபுறமும் இன்று செம்பனை நிற்கிறது. அதற்கு முன் ரப்பர். அதற்கும் முன் சில இடங்களில் காப்பி. எல்லாவற்றுக்கும் முன் சதுப்பும் காடும். 1905-ஐ அடுத்து ரப்பர் விலை ஏறியபோது காட்டை அழிக்க ஆள் வேண்டியிருந்தது. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் குடியேற்ற நிதி ஏற்படுத்தினார்கள். கப்பல் செலவை அந்நிதி ஏற்றது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றபின் கங்காணிகள் தங்கள் ஊர்களுக்கே சென்று ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பின் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் உதவிப் பயணத்தை நிறுத்தும் வரையில் இது நடந்தது.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களுள் ஒன்றின் பெயர் தென்னமரம். ஆம், அந்தப் பெயரைத் தமிழ்க் காது உடனே கொள்ளும்! பெஸ்தாரி ஜெயா என்று இப்போது வழங்கும் பாத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் அது இருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கேதான் மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டத்தை வியாபார முறையில் நட்டார். இன்று மலேசியாவில் 50 இலட்சம் எக்டருக்கு மேல் செம்பனை நிற்கிறது. அதன் தொடக்கம் அந்தத் தோட்டம். துரை மலாயும் தமிழும் கற்றவர். பின்னர் மலாயா வாழ்வைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸ் தேசத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கோன்கூர் பரிசைப் பெற்றார். அந்நாவலில் தோட்டத் தமிழரும் வருகிறார்கள். பாரிஸ் நகரத்து வாசகன் படித்து அறிந்த அத்தமிழரை, இந்தக் குன்றுக்கு வந்து பீரங்கியின் மேல் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளும் நம்மவர் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

“முப்பது வயது வரை ஏன் ஐயா இக்குன்றுக்கு வரவில்லை?” என்று கேட்டோம்.

“ஞாயித்துக்கிழமை என்ன செய்வோம்? துணி தொவைப்போம். வெறகு பொறுக்குவோம். ஆம்பளைங்க கள்ளுக்கடைக்குப் போயிடுவாங்க. திருவிழா வந்தா கூத்து, தீமிதி. பின்னாடி திரை கட்டிப் படம் காட்டினாங்க. கோட்டை பாக்கணும்னு எங்களுக்கு யாரு சொன்னா?”

தோட்டத்து உல்லாசம் என்னவென்பதை அவர் சில வாக்கியங்களில் முடித்துவிட்டார். இதில் கவனிக்கத் தக்கது, கள்ளுக்கடையைத் தோட்டத்திற்கு உள்ளேயே வைத்துக் கொடுத்திருந்தார்கள் என்பது. வாங்கிய கூலியில் ஒரு பகுதி மாலைக்குள் திரும்பிப் போக வேறு வழி தேட வேண்டியதில்லை. 1941-இல் அருகிலுள்ள கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றை இங்கு நினைக்க வேண்டும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள். தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே உல்லாசத்தை எடுத்துவிடுங்கள் என்று உழைப்பாளிகளே கோரிக்கை வைத்த வேறோர் இடத்தை நாம் எளிதில் சொல்ல இயலாது. தலைவர் ஆர். எச். நாதன் அவ்வருஷம் மே மாதம் கைதானார். துருப்புகள் வந்தன; துப்பாக்கி பேசிற்று; உயிர்கள் போயின. நாதனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவ்வருஷ முடிவில் ஜப்பானியர் வந்தார்கள். பெரியவரின் தந்தை 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது இவருக்கு வயது மூன்று. தந்தை திரும்பவில்லை. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குச் சயாமில் காஞ்சனபுரியிலும் பிற இடங்களிலும் பெயர் பொறித்த கல்லறைகள், ஒழுங்காகப் புல் வெட்டி, பூச்செடி வைத்து, இன்றும் காக்கப்படுகின்றன. அது சரியான காரியமே. அதே பாதையில் அவர்களைவிடப் பன்மடங்காக மாண்ட தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவா நாட்டினர் ஆகியோரின் குழிகளுக்குப் பெரும்பாலும் பெயரில்லை.

“அப்பா மொகம் எனக்கு ஞாபகமில்லை. போட்டோ கெடையாது. பெரியவனாகி வேலைக்குச் சேர்ந்தப்புறம் கிராணி ஒருத்தர், நல்ல மனுசன், பழைய செக்ரோலை எடுத்துக் காட்டினார். சப்பான்காரன் வர்றதுக்கு முந்தின வருசத்துது. அப்பா பேரு இருந்துச்சு. அந்த மாசம் இருபத்தாறு நாளு வேலை. ஒருநாளும் வுடலை. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. கிராணிதான் வெரலு வச்சுக் காட்டினார். புள்ளிய நானே எண்ணினேன்.”

“அந்தப் புத்தகம் இப்போது?”

“தோட்டத்தை வூடு கட்ட வித்தாங்கள்ல? ஆபீசைக் காலி பண்ணினப்ப எல்லாத்தையும் பின்னாடி போட்டுக் கொளுத்திட்டாங்க. ரெண்டு நாளு பொகைஞ்சுச்சு. நாங்க லயத்துல சாமான் கட்டிக்கிட்டிருந்தோம், கேக்கணும்னு தோணலை.”

இத்தகைய விற்பனைகள் இந்நாட்டில் பல நடந்தன. ரப்பர் விலை விழுந்தது, பட்டணம் விரிந்தது, லயங்கள் இடிந்தன. மூன்று தலைமுறை இருந்தவர்கள் ஊர்களின் ஓரங்களில் அடுக்குவீடுகளுக்குக் குடிபோனார்கள். எஞ்சிய செம்பனையில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெயரும் எங்கோ ஓர் ஆபீசில் எழுதப்பட்டுத்தான் இருக்கும். அதை யார் வைத்துக் காப்பார் என்பதை நம் பெரியவர் அனுபவத்தைக் கொண்டு வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான் சென்றோம். யந்திரமில்லாத படகு, துடுப்புச் சத்தம் மட்டும். ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கின்றன. ஆண் பூச்சிகள் ஒருமித்து மின்னும். மரம் முழுவதும் ஒரே கணத்தில் ஒளிர்ந்து ஒரே கணத்தில் அணையும். இதைக் கேட்டறிந்து போனாலும் நேரில் காணும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. முன்பு இதனினும் பலமடங்கு இருந்தன என்றார் படகோட்டி. கரைமரங்களை வெட்டிச் செம்பனை வைத்ததாலும், மேல்நீரில் அணை வந்து ஆற்றின் ஓட்டம் மாறியதாலும் குறைந்துவருகின்றனவாம். விளக்கு ஏற்றக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்பது படகின் சட்டம்.

உரக்கப் பேசாமல், தாழ்ந்த குரலில், பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். அவர் பிறந்த லயத்தின் வரிசை. முதல் வீட்டில் யார், அவர் மனைவி யார், எந்த நிரையில் மரம் வெட்டினார், எந்த வருஷம் எங்கே போனார். இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு. ஒரு பெயருக்கும் அவர் தயங்கவில்லை. நாம் சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து இருளிலேயே எழுதத் தொடங்கினோம். அப்பெயர்களை இங்கு அச்சிடவில்லை. அவர்களின் மக்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அச்சிடுதல் முறையன்று. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாகக் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்து விளக்கில் பார்த்தபோது பாதியை நம்மாலேயே படிக்க முடியவில்லை. ஒன்பதாம் வீட்டுக்கு அவர் வந்தபோது படகு துறையில் முட்டியது. பத்தாவது அவருடைய வீடு. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.